தேர்வு மையத்து

பிணத்துக்கு வியர்த்துக் கொட்டியது. துணிக்கு மேலே மூக்கு நுனியில் உட்கார்ந்த ஈயை விரட்டக்கூட அதற்கு வழியில்லை.

மெட்டடோர் வேனின் பின்பக்கம் நீள பெஞ்சில், தலை முதல் கால் வரை வெள்ளைத் துணி போர்த்திக் கிடந்த வஹீதுன்னிசா, மனசுக்குள் தொகையீட்டுச் சூத்திரங்களை ஓட்டிக்கொண்டிருந்தாள். பாதியில் ஒன்று மறந்தது. பயத்தில் முதலிலிருந்து ஆரம்பித்தாள்.

இன்று ப்ளஸ் டூ கணக்குப் பரீட்சை. இன்றேதான் பந்த். ஒரு சக்கரம்கூட உருளாது என்றது எதிர்க்கட்சி. தேர்வுகள் திட்டமிட்டபடி நடக்கும் என்றது அரசாங்கம், காலை ரேடியோவில். இரண்டு தரப்பும் சொன்ன சொல் தவறவில்லை. பூந்தமல்லியில் ஒரு பஸ் இல்லை. அம்பத்தூர் பள்ளிக்கூடத்தில் பத்துக்கு மணி அடிக்கத்தான் போகிறார்கள். நடுவில் மாட்டிக்கொண்டு கிடந்தது வஹீதாவின் ஒரு வருஷம்.

அவளுடைய அத்தா ஹாஜா மொய்தீன், பாத்திரக்கடைக்காரர். அண்டாவில் இருக்கிற ஓட்டையைக் காட்டியே அண்டாவை விற்றுவிடுகிற ஆள். பந்த் நாளில் எதையெல்லாம் விடுவார்கள் என்று யோசித்தார். பால் வண்டியை விடுவார்கள். பெண்ணை அதில் ஊற்ற முடியாது. ஆம்புலன்ஸை விடுவார்கள், அது கிடைக்காது. மிச்சம் இருந்தது பிண வண்டி.

அவர்கள் வீட்டுப் பேச்சில் பிணம் என்றால் மையத்து. ஹால் டிக்கெட்டில் 'தேர்வு மையம்' என்று அரசாங்கம் அச்சடித்ததை அத்தா கொஞ்சம் இழுத்து மையத்து ஆக்கிவிட்டார். விஷயத்தைக் கேட்டதும் அம்மா அழுத அழுகை நிஜம். தெரு நம்புவதற்கு அதுவே போதுமாக இருந்தது.

வேன் ஓட்டியவருக்குப் பெயர்தான் சின்னப்பையன், வயசு ஐம்பது. அவரும் தன் பங்குக்குக் குறை வைக்கவில்லை. வண்டி முகப்பில் சாமந்தி மாலை கட்டி, ஒரு கையால் ஸ்டியரிங்கைப் பிடித்து, மறு கையால் வழியெல்லாம் பொரி இறைத்துக்கொண்டே வந்தார். பக்கத்தில் தொப்பி போட்டு உட்கார்ந்திருந்த அத்தாவுக்குக் கண்ணெல்லாம் ரோட்டின்மேல்.

வானகரம் கூட்டுரோட்டில் பிரேக் அலறியது.

டயர் எரியும் நாற்றம் துணிக்குள் புகுந்தது. எங்கோ கண்ணாடி நொறுங்கியது. வேனின் பக்கவாட்டில் ஒரு கல் வந்து மோத, அந்த அதிர்வு வஹீதாவின் பல்வரைக்கும் வந்தது.

"டேய், மணி இன்னாடா ஆவுது?"

அந்தக் கரகரத்த குரலை அவளுக்குத் தெரியும். நேற்றெல்லாம் ஆட்டோ மைக்கில், சக்கரம் உருண்டால் சாம்பலாகும் என்று சொல்லிக்கொண்டே போன குரல்.

"ஒம்போது பத்து, ஜெயராமண்ணே."

எதற்கோ நேரம் குறித்து வைத்திருக்கிறார்கள். எதைக் கொளுத்துவதற்கு?

மையத்து இருக்கிறது, வயசுப் பெண், வாந்திபேதியில் போய்விட்டாள், அம்பத்தூரில் அடக்கம் என்று அத்தா சொல்லிக்கொண்டிருந்தார். எந்த வாடிக்கையாளரிடமும் இறங்காத குரல் இன்று படிப்படியாக இறங்கியது. செருப்புச் சத்தம் ஒன்று வேனை நிதானமாகச் சுற்றி வந்தது. மாலை பக்கம் நின்றது. பொரிப்பை பக்கம் நின்றது.

"பாயி, உங்க ஊட்டு மையத்துக்கு எப்பத்துலேர்ந்து பொரி எறைக்கிறீங்க?"

இருபத்தைந்து வருஷமாக எந்தக் கேள்விக்கும் பதில் வைத்திருந்த அத்தா, அது டிரைவர் வீட்டு வழக்கம் என்று முனகினார்.

பின்கதவு திறந்தது. முகத்துத் துணி விலகியது. பீடி வாசனை. சூத்திரங்கள் மொத்தமாகப் பறந்துபோய் வஹீதாவின் உதட்டுக்குள் ஓதிப் பழகிய கலிமா மட்டும் மிஞ்சியது. மூச்சைப் பிடித்தாள். நெற்றியிலிருந்து ஒரு சொட்டு வியர்வை இறங்கிக் காதுக்குள் போனது.

தலையணைக்கு அடியில் இருந்த ஹால் டிக்கெட்டை யாரோ உருவினார்கள். காகிதம் பிரிகிற ஓசை. கரகரத்த குரல் பள்ளிக்கூடத்தின் பெயரை முணுமுணுத்தது.

"மணி இன்னாடா ஆவுது?"

"ஒம்போதேகால்ணே. கொளுத்திடலாமா?"

"கம்னு இர்றா. பேதி கேஸு, ஒட்டிக்கும். எல்லாம் அந்தாண்ட போங்க. இத நான் பாத்துக்கறேன்."

காலடிகள் தூரப் போயின. வஹீதாவுக்கு அதுதான் எல்லாவற்றையும்விடப் பயமாக இருந்தது. பார்ப்பதற்கு ஆளே இல்லாமல் செய்கிற வேலை என்ன வேலையாக இருக்கும்? வெளியே அத்தா, எதுவானாலும் என்னைச் செய்யுங்கள் என்று கெஞ்சினார். குரல் உடைந்திருந்தது. அவர் அழுது அவள் கேட்டதில்லை.

மூடிக் கிடந்த டீக்கடையின் பலகை ஒன்று நகரும் சத்தம். அவசர நடை. கூடவே கலகலவென்று ஓர் ஓசை. ஜாமெட்ரி பாக்ஸ் குலுங்கும் ஓசை. அவளுடையது தலைமாட்டில் அசையாமல்தான் இருந்தது.

ஒற்றைக் கண்ணை இமையளவு திறந்தாள். கதவோரம் நீலத் தாவணியில் ஒரு பெண், எழுதுகிற அட்டையை மார்போடு அணைத்து, அழுது வீங்கிய முகத்தோடு நின்றிருந்தாள். அவளுடைய சாயலிலேயே இருந்த ஜெயராமன் தோளில் கிடந்த வெள்ளைத் துண்டை உதறி விரித்தார். ஊரையே நடுங்க வைத்த குரல் அத்தாவின் காதோடு காதாக இறங்கியது.

"பாயி, இன்னோரு மையத்துக்கு எடம் கீதா?"