ஒன்பதாவது பொன்னாடை

“ஏங்க, இது பாட்டுக் கச்சேரியா, பாராட்டு விழாவா?”

பக்கத்துச் சேரில் இருந்தவர் இப்படிக் கேட்டதும், விஜயபாண்டி அதுவரை அடக்கி வைத்திருந்த எரிச்சலெல்லாம் பொங்கிக்கொண்டு வந்தது.

மேடையில் கிட்டார் கிளமென்டுக்கு ஆறாவது பொன்னாடை விழுந்துகொண்டிருந்தது.

கிளமென்டுக்கு இப்போது அறுபத்தொன்பது வயது. தோல் கோட்டும் தோள்வரை முடியுமாக, தமிழில் ராக் பாட்டுப் பாடி ஒரு காலத்துக் கல்லூரிப் பையன்களைக் கிறுக்குப் பிடிக்க வைத்த மனிதர். 1979-ல் அவர் மதுரைக்கு வந்தபோது, கச்சேரி பார்க்க ஹாஸ்டல் சுவர் ஏறிக் குதித்த விஜயபாண்டி கால் ஒடிந்து ஆஸ்பத்திரியில் கிடந்தான். கச்சேரிக்குப் போய்வந்தவர்கள் கட்டில் பக்கத்தில் நின்று, “என்னமாப் பாடினார் தெரியுமா ‘புயலுக்கு நேரமாச்சு’வை!” என்று சொல்லிச் சொல்லி வயிற்றெரிச்சலைக் கிளப்பினார்கள்.

இருபத்தெட்டு வருஷம் கழித்து, ஓடைப்பட்டியில் திராட்சைக்கு மருந்தடிக்கிற வேலையை அப்படியே போட்டுவிட்டுத் தேனிக்கு வந்திருப்பது அந்தப் பாட்டை நேரில் கேட்கத்தான்.

போலீஸ் அனுமதி ஒன்பது மணி வரை. மணி இப்போதே எட்டு.

“பாட்டு முடிஞ்சா ஒரு துண்டு. துண்டு போட்டா ஒரு பேச்சு. எல்லாம் அந்தச் சுயம்புலிங்கம் பண்ற வேலை” என்று மனைவி முருகம்மாளிடம் பொருமினான்.

சுயம்புலிங்கம் தேனி பஜாரில் ஏலக்காய் மண்டி வைத்திருப்பவர். கச்சேரிக்கு ஏற்பாடு செய்தவரும் அவர்தான். ஒவ்வொரு பாட்டு முடிந்ததும் மைக்கைப் பிடித்து, “அடுத்து, நமது பெருமதிப்பிற்குரிய…” என்று ஆரம்பித்துவிடுகிறார். முதலில் வர்த்தக சங்கத் தலைவர் வந்தார். அப்புறம் செயலாளர், பொருளாளர். அப்புறம் பொருளாளரின் மச்சினர், அவருடைய சகலை. இப்போது வந்திருப்பவர் சேர் வாடகைக்கு விட்டவர்.

“அண்ணாச்சி ஊருக்குள்ள பேரு வாங்கப் பாக்குறாரு. அடுத்த எலெக்சன்ல நிக்கப் போறாரோ என்னமோ” என்றார் பக்கத்துச் சேர்.

“மரியாதை பண்றாக. பண்ணிட்டுப் போகட்டுமே” என்றாள் முருகம்மாள். “அந்த மனுசரும் சிரிச்ச முகமாத்தான வாங்கிக்கிறாக.”

“சிரிக்காம? மேடையில நின்னு அழுகவா முடியும்?”

கிளமென்ட் அடுத்த பாட்டைத் தொடங்கினார். அடேயப்பா, என்ன குரல். கிட்டாரை இடுப்புக்குத் தாழ்த்திப் பிடித்துக்கொண்டு மேடையை இந்த மூலைக்கும் அந்த மூலைக்குமாக அளந்தார். இளவட்டங்கள் சேர் மேல் ஏறி ஆடின. முருகம்மாள்கூடக் கால் பெருவிரலால் தாளம் போட்டாள். புருஷன் பார்க்கிறான் என்று தெரிந்ததும் நிறுத்திக்கொண்டாள். விஜயபாண்டிக்கு மனசு நிறைந்துபோயிற்று.

பாட்டு முடிந்தது.

“அடுத்து, நமது பெருமதிப்பிற்குரிய…”

சோடாக்கடைக்காரர் மேடை ஏறினார். அதற்கடுத்த பாட்டு முடிந்ததும் பந்தல் போட்டவர். அவர் தன் பாட்டனார் காலத்திலிருந்து பேச்சை ஆரம்பித்தார்.

இன்னொரு பாட்டும் முடிந்தபோது மணி எட்டே முக்கால். இந்தத் தடவை மைக்கில் உடனே குரல் வரவில்லை. கிளமென்ட் கூட்டத்துக்கு முதுகைக் காட்டியபடி கிட்டாரைச் சுருதி சேர்த்துக்கொண்டிருந்தார். சுயம்புலிங்கம் கையில் பொன்னாடையோடு மேடைப் படிக்கட்டில் நின்று யாரையோ தேடினார்.

விஜயபாண்டி எழுந்துவிட்டான்.

“எங்கன போறீக?”

“அந்த ஆளை நாலு கேள்வி கேட்டுட்டு வாரேன்.”

“எதுக்கு வம்பு? பேசாம உக்காருங்க.”

“இருபத்தெட்டு வருசமா உக்காந்துட்டேன்” என்று சொல்லிவிட்டு விறுவிறுவென்று நடந்தான்.

“அண்ணாச்சி, நாங்க பாட்டுக் கேக்க வந்திருக்கோம். நீங்க துண்டு போடுறதை வேடிக்கை பாக்க வரல.”

சுயம்புலிங்கம் அவனை ஏற இறங்கப் பார்த்தார். “உங்க பேரு?”

“விஜயபாண்டி. ஓடைப்பட்டி. அது எதுக்கு இப்ப?”

“என்ன தொழில் பண்றீக?”

“திராட்சைத் தோட்டம். நான் கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க.”

பொன்னாடையை அவன் கையில் திணித்துவிட்டு அண்ணாச்சி மைக்குக்கு ஓடினார்.

“அடுத்து, நமது பெருமதிப்பிற்குரிய திராட்சை விவசாயி, ஓடைப்பட்டி திருமிகு விஜயபாண்டி அவர்கள்…”

விஜயபாண்டி கையிலிருந்த பொன்னாடையைப் பார்த்தான். பிறகு, இதுவும் நல்லதுக்குத்தான், அத்தனை பேர் முன்னாலும் மைக்கிலேயே கேட்டுவிடுவோம் என்று ஏறினான்.

பொன்னாடையைப் போர்த்தியதும் கிளமென்ட் அவன் கையைப் பற்றிக்கொண்டார். பற்றிய பிடியை விடவில்லை. கீழேயிருந்து பார்ப்பவர்களுக்குச் சிரித்த முகம்தான். பக்கத்தில் நின்றபோதுதான் தெரிந்தது. சட்டை உடம்போடு ஒட்டிக் கிடந்தது. நெஞ்சுக்கூடு ஏறி ஏறி இறங்கியது.

“தம்பி…” சிரிப்புக் கலையாமல் காதோரம் சொன்னார். “ஒரு அஞ்சு நிமிஷம் பேசுங்க. அடுத்தது ‘புயலுக்கு நேரமாச்சு’. மூச்சு வேணும்… உக்காந்தா ஜனங்க பாவம் பாப்பாங்க. அதுக்குத்தான் அண்ணாச்சி இப்படி ஒரு ஏற்பாடு…”

விஜயபாண்டி திரும்பிப் பார்த்தான். சுயம்புலிங்கம் கூட்டத்தையும் பார்க்கவில்லை, அவனையும் பார்க்கவில்லை. கிளமென்டின் நெஞ்சையே பார்த்துக்கொண்டு நின்றார்.

விஜயபாண்டி மைக்கைத் தன் பக்கம் இழுத்து, நிதானமாகத் தொண்டையைச் செருமிக்கொண்டான்.

“தேனி வாழ் பெருமக்களே, முதற்கண் நமது சுயம்புலிங்கம் அண்ணாச்சி அவர்களைப் பற்றி ஓர் ஐந்து நிமிடம்…”