நான்கு துளைகள்

மகள் சங்கவியின் அறைக் கதவிலிருந்து ஞானசேகரன் தாழ்ப்பாளைக் கழற்றி ஒரு வாரம் ஆகியிருந்தது. திருகாணிகள் இருந்த இடத்தில் நான்கு துளைகள் மிஞ்சின. "வயசுப் பொண்ணுங்க. துணி மாத்த வேணாமா?" என்று கேட்ட மனைவி வாசுகியிடம், "என் வீட்டுல எனக்குத் தெரியாம கதவ மூடிக்கிட்டு என்ன வேலை?" என்றார். மகள் கதவைச் சாத்தும்போதெல்லாம் வெளியே நாற்காலியைப் போட்டுக்கொண்டு, பேப்பரிலிருந்து தலையை எடுக்காமல், "உள்ள என்ன பண்றே?" என்று பத்து நிமிடத்துக்கு ஒருமுறை கேட்பார். இன்று காலை ஆபீசுக்கு நேரமாகிவிட்டது என்று குளியலறைக்குள் ஓடியவர், பழக்கத்தில் தாழ்ப்பாளைப் போடக் கையை நீட்டினார். விரலில் நான்கு துளைகள் தட்டுப்பட்டன. வெளியே நாற்காலியை இழுத்துப் போடும் சத்தம் கேட்டது.

"உள்ள என்னப்பா பண்றீங்க?"

"ஏய்! வந்தேன்னா பல்லு கொட்டிடும். போடி அந்தப் பக்கம்!"

பேப்பரைப் புரட்டும் சத்தம்.

"உள்ள என்ன பண்றீங்க?"

லுங்கியை இறுக்கிக் கட்டிக்கொண்டு, தண்ணீர் நிறைந்த வாளியைக் கதவுக்கு முட்டுக்கொடுத்து, அதன்மேல் ஒரு காலையும் வைத்து அழுத்திக்கொண்டார் ஞானசேகரன். "வாசுகி! இவள இழுத்துட்டுப் போ!"

சமையலறையில் மிக்சி நின்றது. காலடிச் சத்தம் நாற்காலிவரை வந்து நின்றது.

"ஏங்க," என்றாள் வாசுகி. "உள்ள என்ன பண்றீங்க?"