கடைசி பெஞ்சில் ஒருவர்

லுப்லியானா நகரப் பள்ளியின் அந்த மூன்றாம் வகுப்பில் அலெங்கா டீச்சருக்கு வேர்த்துக் கொட்டியது. அவள் வேலை நிரந்தரமாவது இன்று வகுப்பைப் பார்க்க வரும் இன்ஸ்பெக்டர் கையில். வாசலில் ஷூவைக் கழற்றிவிட்டு ஒருவர் எட்டிப் பார்த்ததுமே, இவர்தான் என்று கடைசி பெஞ்சில் உட்கார வைத்துவிட்டாள்.

இன்றைக்கென்று பார்த்து ஒரு டேப்லெட்டிலும் இன்டர்நெட் வரவில்லை!

"பரவாயில்ல. கேள்வியும் உங்களோடது, பதிலைக் கண்டுபிடிக்கறதும் நீங்கதான். யாரு கேக்கறீங்க?"

நேஷா கை தூக்கினாள். "பின்னாடி இருக்கறவர் யாரு?"

"வேற கேளு!"

"எந்தக் கேள்வியையும் தடுக்கக் கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க?" என்றான் ரோக்.

"நம்ம ஸ்கூலுக்கு வர்ற விருந்தாளின்னா உள்ள போட்டுக்க வீட்டுச் செருப்பு கொண்டுவருவாங்க. இவர் வெறும் சாக்ஸ்!"

"மடியில பெட்டி வேற!"

"அவரையே கேட்டுடலாம்டி!"

டீச்சர் தடுப்பதற்குள் பிள்ளைகள் அவரைச் சூழ்ந்துகொண்டார்கள்.

அவர் சங்கடத்தோடு எழுந்தார். "இன்டர்நெட் ரிப்பேர் பண்ண வந்தேன். வாயைத் திறக்கறதுக்குள்ள டீச்சர் உக்காருங்கன்னுட்டாங்க. பாடத்துக்கு நடுவுல பேசக் கூடாதேன்னு..."

வகுப்பு கொல்லென்று சிரித்தது. கதவோரத்திலும் ஒரு சிரிப்பு. கையில் நோட்டும் காலில் வீட்டுச் செருப்புமாக ஒரு பெண்மணி நின்றிருந்தார்.

"நான்தான் இன்ஸ்பெக்டர். பத்து நிமிஷமா இங்கதான் நிக்கறேன். பசங்க பிரமாதம், டீச்சர்! இவர் யாருன்னு கேக்கத் தோணாதது உங்களுக்கு மட்டும்தான்."