மழைப் பெட்டி

"கைப்பிடிக்கு எண்ணெய் தடவாத மாமா, வழுக்கும். இரும்புல மட்டும் தடவு."

ஜோதிலட்சுமி சொன்னதும், சுத்தியலைத் துடைத்துக்கொண்டிருந்த சடையப்பன் கையை இழுத்துக்கொண்டார்.

மின்வாரியத்தில் லைன்மேனாக இருந்து, போன சித்திரையில்தான் ஓய்வு பெற்றவர். புதுப்பட்டினத்தில் இந்த வீட்டைக் கட்டிக் குடிவந்த நாளிலிருந்து, மழைக்கு முன்னால் வீட்டுக் கருவிப் பெட்டியைத் தயார் செய்வது அவர் மனைவியின் வேலை. மழை என்றால் அவருக்கு வீடு என்று ஒன்று கிடையாது. இந்த ஐப்பசியில்தான் கூட உட்கார்ந்து துடைக்கிறார்.

காலையிலிருந்தே வானம் மூடிக் கிடந்தது. மதியத்துக்கு மேல் பெருமழை என்று டிவியில் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். ஜோதி கூடத்தில் பழைய பேப்பரை விரித்து, பச்சைத் தகரப் பெட்டியைக் கவிழ்த்துக் கொட்டியிருந்தாள்.

"போன வருஷம் வாங்கின கட்டிங் பிளேயரு. அதுக்குள்ள வாயத் தொறக்க மாட்டேங்குது பாரு" என்றார் சடையப்பன்.

"கடலாண்ட வூட்டக் கட்டிகினு உப்புக்காத்தத் திட்டி இன்னா ஆவப்போவுது? ரெண்டு சொட்டு எண்ணெய் வுட்டு அசைச்சிகினே இரு."

அவர் அசைத்துக்கொண்டே மற்றதையெல்லாம் பார்த்தார். நைலான் கயிறு, கட்டுக்கம்பி, கறுப்பு டேப், விதவிதமான ஆணிகள்.

"இத்தினி எதுக்கு ஜோதி? நம்ம ஒரு வூட்டுக்கு இதுல பாதி போதாதா?"

"மழையில எது எப்போ வேணும்னு யாரு கண்டா? கெடக்கட்டும்."

டேப்பை முகர்ந்து பார்த்தார் சடையப்பன். அந்த வாசனையிலேயே பழைய மழைகள் எல்லாம் எழுந்து வந்தன.

"வர்தா புயல் ஞாபகம் இருக்குதா ஜோதி?"

"இல்லாம? திருப்போரூர் பக்கம் கம்பமெல்லாம் சாஞ்சி கெடக்குதுன்னு போன. ரெண்டு மூணு நாள் கழிச்சி தலையெல்லாம் சேறா வாசல்ல வந்து நின்ன. நான் அடையாளம் தெரியாம, 'யாருப்பா, இன்னா வேணும்'னு கேட்டேன்."

இருவரும் சிரித்தார்கள். சிரித்து முடித்ததும் அவர் குரல் இறங்கியது.

"நம்ம சிநேகா கைக்குழந்தையா இருந்தப்ப ஒரு மழை. சதுரங்கப்பட்டினம் ரோடே தெரியல, ஒரே தண்ணி. நான் ஜீப்புல ஏறினேன். நீ அவள இடுப்புல வெச்சிகினு கதவாண்ட நின்னு கைய ஆட்டின."

"சிரிச்சிகினுதானே ஆட்டினேன்?"

"அதான் ஜோதி என்னால தாங்க முடியல. எந்தக் கம்பத்துல ஏறினாலும் அந்தச் சிரிப்புதான் கண்ணுல நிக்கும். பாவம், கரண்டு இல்லாம புள்ளைய வெச்சிகினு தனியா இன்னா பண்ணுதோன்னு."

"ஒரு பேஜாரும் இல்ல. கொஞ்சம் வளந்ததும் உன் பொண்ணு டார்ச்சு புடிக்கக் கத்துகினா. கை நடுங்காது அவளுக்கு."

சிநேகா இப்போது செங்கல்பட்டில், தன் குடும்பத்தோடு இருக்கிறாள். டார்ச்சை ஒருமுறை தட்டி எரியவிட்டுப் பார்த்துவிட்டுப் பெட்டிக்குள் வைத்தாள் ஜோதி.

"ஊருக்கெல்லாம் வெளிச்சம் குடுத்துகினு, என் வூட்ட உன் தலையில கட்டிட்டுப் போயிட்டேன்" என்றார் சடையப்பன். "இனிமே நீ ஒண்ணையும் தொட வேணாம். ஜன்னல்ல தண்ணி வந்தாலும் சரி, கதவு பிச்சிகினு போனாலும் சரி, நான் பாத்துக்கறேன். நீ ஜம்முனு உக்காந்து டீ குடி."

ஜோதி புன்னகையோடு ஆணிகளை பிளாஸ்டிக் கவரில் போட்டு இறுக்கி முடிந்தாள்.

பெட்டியை மூடுவதற்குள் மழை பிடித்துக்கொண்டது. காற்று தென்னை மரங்களைப் போட்டு உலுக்கியது. கொஞ்ச நேரத்தில் வாசலில் பைக் ஒன்று வந்து நிற்க, பின்தெரு கலையரசன் சொட்டச் சொட்ட ஓடி வந்தான்.

"அண்ணாத்த! எங்க எதிர் வூட்டு ரூத்து, கைக்குழந்தையோட உள்ள மாட்டிகினா! காத்துல கதவு அடிச்சி சாத்திகிச்சி. பூட்டு இறுகிப் போயி தொறக்க மாட்டேங்குது. வாய்க்கால் தண்ணி வேற உள்ள ஏறிகினே கீது!"

சடையப்பன் துள்ளி எழுந்தார். எத்தனை வருடப் பழக்கம்! பெட்டியைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்தார்.

"வண்டியத் திருப்பு, போலாம்."

கலையரசன் தயங்கினான்.

"நீங்க இல்ல அண்ணாத்த. அக்காவ அனுப்புங்க."

"அக்காவா? அவ எதுக்குடா?"

அதற்குள் ஜோதி புடவையைத் தூக்கிச் செருகி, தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு வந்து, அவர் கையிலிருந்த பெட்டியை வாங்கிக்கொண்டாள்.

"இன்னா அண்ணாத்த, தெரியாத மாதிரி கேக்கறீங்க?" என்றான் கலையரசன். "மழைன்னா எங்க தெருவுல மொதல்ல அக்காவத்தானே கூப்புடுவோம். வர்தாவுல எங்க வூட்டு ஓடு பறந்தப்ப மேல ஏறி தார்ப்பாய் கட்டினதே அவங்கதான்."

சடையப்பன் மனைவியைப் பார்த்தார்.

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலியே ஜோதி?"

"சொன்னா கம்பத்து மேல நின்னுகினு என்னையே நெனைச்சிகினு இருப்ப. கை தவறிட்டா?"

"அப்போ இத்தினி வருஷமா, ஒவ்வொரு மழைக்கும் நீ இந்த வூட்ல தனியா..."

ஜோதி பைக்கில் ஏறி, பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு சொன்னாள்:

"வூட்ல நான் எங்க இருந்தேன்? உன் ஜீப்பு தெருமுனை தாண்டினதும் நானும் புள்ளையையும் பெட்டியையும் தூக்கிகினு, வூட்டப் பூட்டிகினு கெளம்பிடுவேன். மழையில இந்த வூட்ல ஒரு ஆளு தங்கறது இன்னைக்குத்தான் மாமா மொதல் தடவை!"