கோணல் காட்டாத கேஜ்

இப்போதெல்லாம் எவனும் கையால் தொட்டுப் பார்ப்பதில்லை. திரையில் பச்சை விளக்கு எரிந்தால் கைகுலுக்கிவிட்டு டீ குடிக்கப் போய்விடுகிறான். அப்படிப் போகாத ஒரே ஆள் என்றுதான் புது பேரிங்கைச் சோதிக்க ரிட்டயரான ஃபிட்டரைக் கூப்பிட்டிருந்தார்கள். பெற்ற மகளையே நம்பாதவர் என்று பெயரெடுத்த மனுஷன்.

பேரிங் அந்த மகள் வடிவமைத்தது. போர் போடும் மெஷினில் சுழலும் தண்டான ஷாஃப்ட் கோணலாகச் சுற்றினாலும் அது தாங்க வேண்டும். முன்பு செய்த மூன்றும் நூறு மணி நேரத்துக்குள் கருகிப்போயின. இதுவும் போனால் வேலையை மூட்டை கட்டிவிடச் சொல்லிவிட்டார்கள்.

ஷாஃப்டின் ஒரு முனைக்கு அடியில் அவரே தகடு சொருகிக் கோணலாக்கியிருந்தார். யாராவது கழற்றினால் தெரியும்படி போல்ட்டுகள்மேல் பெயிண்ட் கோடும் இழுத்திருந்தார். ஐந்நூறு மணி நேரம் ஓடிய பிறகு பேரிங்கில் சூடே இல்லை. கோடு கலையவில்லை. தகடும் அங்கேயே இருந்தது. ஷாஃப்ட் மட்டும் நேராகியிருந்தது.

"யாருடி நிமித்துனது?"

"சத்தியமா நான் தொடலப்பா."

"கோணல் இல்லாம என்னடி சோதனை?"

இன்னொரு தகட்டையும் சொருகி ஓட்டினார். கோணலை அளக்கும் டயல் கேஜின் முள் நாற்பதுக்குத் தாவியது. பிறகு மெல்ல முப்பது, பத்து என்று இறங்கி, சைபரில் நின்றது. கேஜை மாற்றினார். அதுவும் சைபர்.

மகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். கண் கலங்கியிருந்தது. "பேரிங்கே ஷாஃப்ட நிமித்துதுப்பா. பாஸ்னு எழுதட்டுமா?"

"பேரிங் கருகல. அத மட்டும் எழுது. கேஜு ரெண்டும் கெட்டுப்போச்சு."

மூன்றாவது கேஜை எடுத்துவர ஸ்டோர் ரூமை நோக்கி நடந்தார்.