அரை ஏக்கர் சமதரை

"சுவரே இல்லாத வகுப்பெண்டா மழைக்குப் புள்ளைகள் என்ன செய்யும்?"

கேட்டவர் அப்துல் ரஸாக். மேசையில் விரித்திருந்த வரைபடத்தின் மேல் மூக்கு முட்டும் அளவுக்குக் குனிந்திருந்தார்.

விஜயகலா, அண்ணன் முறை சொல்லி அவரை அழைத்து, பென்சிலால் காட்டினாள். "மழை அடிக்கிற பக்கம் சுவர் இருக்குங்க நானா. மத்த மூணு பக்கமும் கூரைய ஆறடி வெளிய இழுத்திருக்கேன்."

"மழை எந்தப் பக்கத்தால வருமெண்டு தெரியுமா?"

"அந்தத் தோட்டத்து ஸ்கூல்ல அஞ்சு வருஷம் நனைஞ்சு படிச்சவ நான். தெரியுங்க."

யட்டியாந்தோட்டைக் கடைத்தெருவின் பின்னால், காலமான அஸீஸ் ஹாஜியாரின் வீட்டுக் கூடத்தில் இந்த விசாரணை நடந்துகொண்டிருந்தது. ரோட்டோரத்து அரை ஏக்கரை ஹாஜியார் பள்ளிக்கூடத்துக்கு எழுதி வைத்திருக்கிறார் என்று அவருடைய கடைச் சிப்பந்தி ஒருவர் சொல்ல, செய்தி ஒரே நாளில் ரப்பர் தோட்டத்துத் தொழிலாளர்களின் லய வீடுகளுக்கெல்லாம் போய்ச் சேர்ந்துவிட்டது. போகாமல் என்ன செய்யும்? மலைச்சரிவில் நிற்கும் தோட்டப் பள்ளிக்கூடத்தின் தரை பிளந்து, மண்சரிவு அபாயம் என்று நோட்டீஸும் ஒட்டியாகிவிட்டது. புதிதாகக் கட்டித்தர முன்வந்த அமைப்போ, இந்த மாதத்துக்குள் காணி வேண்டும், இல்லாவிட்டால் வேறு மாவட்டம் போகிறோம் என்கிறது. அந்த வட்டாரத்தில் சமதரை என்று சொல்ல இருப்பது இந்த அரை ஏக்கர் ஒன்றுதான்.

தோட்டத்தில் பிறந்து, கொழும்பில் கட்டடக் கலைஞராக இருக்கும் விஜயகலா, வரைபடத்தோடு ஓடி வந்திருந்தாள். ஹாஜியாரின் ஒரே மகள் ஸைனம்பு கையெழுத்துப் போட்டால் வேலை முடிந்தது.

ஆனால் ஸைனம்பு பிளேன்டீ கொடுத்ததோடு சரி. பத்திரத்தை நீட்டும்போதெல்லாம் ரஸாக்கின் முகத்தைப் பார்த்தார். ரஸாக் அடுத்த கேள்வியைக் கேட்டார். எந்த வீட்டில் நல்ல காரியம் நடந்தாலும் குறுக்கே ஒரு சொந்தக்காரர் வந்து உட்காராமல் இருப்பதில்லை. இவர் பெரியப்பா மகனாக இருக்கும், பங்கு கேட்டு வந்திருப்பார் என்று விஜயகலா நினைத்துக்கொண்டாள். பயமாகவும் இருந்தது, எரிச்சலாகவும் இருந்தது.

"வாங்கு, மேசை ஒண்டையும் காணல்லயே?"

"சின்ன வகுப்புக்கு பெஞ்சு வேணாங்க. பாய் விரிச்சு வட்டமா உக்காருவாங்க. செருப்ப வெளிய தட்டுல வெச்சிட்டு, குழாயில கால் கழுவிட்டு உள்ள வரணும்."

ரஸாக் முதல்தடவையாகச் சிரித்தார். ஏன் சிரித்தார் என்று அவளுக்குப் புரியவில்லை.

"கூரைக்குப் பக்கத்துல இது என்ன கம்பம்?"

"மழைமானிங்க. தினமும் காலையில பிள்ளைங்களே எவ்வளவு மழைன்னு அளந்து எழுதுவாங்க. கூட்டல் கழித்தல் எல்லாம் அதுலதான் படிப்பாங்க. அளவு மிஞ்சிப் போனா, பெரியவங்களுக்குச் சொல்லி மேல் லயத்து ஆளுங்கள முன்கூட்டியே இறங்க வைக்கலாம். இனி வர்ற காலத்துக்கு இவங்களுக்கு வேண்டியது இதுதானேங்க."

"மேல் லயத்து ஆக்கள் எங்க வந்து தங்குவாங்க?"

"இங்கதாங்க. அதுக்குத்தான் இந்தப் பெரிய கூடம். பின்னால சமையல் இடமும் இருக்கு. மத்த நாள்ல அந்தியில அம்மாமாருக்குக் கம்ப்யூட்டர் வகுப்பு."

"தோட்டத்துப் புள்ளைகளுக்கு மட்டுமா?"

"இல்லைங்க. கடைத்தெருப் பிள்ளைங்களும் வரலாம். பக்கத்துக் கிராமத்துச் சிங்களப் பிள்ளைங்களும் பின்னேரம் விளையாட வரலாம். கேட் வைக்கல பாருங்க."

ரஸாக் மறுபடியும் முதலிலிருந்து வரைபடத்தை விரலால் தொட்டுத் தொட்டுப் பார்க்கத் தொடங்கினார். விஜயகலாவுக்குப் பொறுமை போய்விட்டது.

"நானா, நீங்க எதுக்கு வந்திருக்கீங்கன்னு எனக்குத் தெரியாது. ஆனா அங்க நூத்துப் பத்துப் பிள்ளைங்க பிளந்த தரையில உக்காந்திருக்காங்க. ஹாஜியார் மனசார எழுதி வெச்சத நிறைவேத்த விடுங்க."

அளவுக்கு மீறிப் பேசிவிட்டோமோ என்று அவளுக்குத் தோன்றியது.

ரஸாக் எழுந்தார். "ஸைனம்பு, சைன் வைங்க. எனக்கு அஸர் தொழுகைக்கு நேரமாகுது" என்று சொல்லிவிட்டு வெளியே நடந்தார்.

ஸைனம்பு கையெழுத்திட்டார். விஜயகலாவின் கண் கலங்கிவிட்டது. பத்திரத்தை மடித்து நெஞ்சோடு வைத்துக்கொண்டாள்.

"கோவிச்சுக்காதீங்க அக்கா. உங்க சொந்தக்காரர்கிட்ட ஒரு வார்த்த கூடுதலாப் பேசிட்டேன். ஹாஜியாரே எங்களுக்குன்னு எழுதி வெச்ச பிறகும் இத்தன கேள்வியான்னு ஆத்திரம் வந்திருச்சு."

ஸைனம்பு அலுமாரியைத் திறந்து வாப்பாவின் கையெழுத்தில் இருந்த ஒரு துண்டுக் காகிதத்தை எடுத்து வந்தார். 'ரோட்டோர அரை ஏக்கர் பள்ளிக்கு' என்று இருந்தது.

"சரிதானேக்கா, பள்ளிக்குன்னுதானே எழுதியிருக்கார்?"

"எங்க வீட்டுப் புள்ளைகள் படிக்கப் போறது ஸ்கூலுக்கு, தங்கச்சி. பள்ளிக்குப் போறது தொழுகைக்கு."

"அப்ப இது... மசூதிக்கு எழுதின காணியா?"

"நானும் அப்பிடித்தான் நினைச்சு ரஸாக் நானாவக் கூப்பிட்டேன். 'முதல்ல அந்தப் புள்ள என்ன கட்டப் போகுதெண்டு கேட்டுப் பாப்போம்' எண்டாங்க."

"அப்ப அவர் உங்க சொந்தக்காரர் இல்லையா?"

"இல்ல. பள்ளித் தலைவர்."