துயரம் தேவை

"அதுக்கு நான் எங்கம்மா வீட்டுக்குப் போகணுமாக்கும்?"

"ஒரே மாசம், லதா. மனசுல காயம் பட்டாத்தான் கற்பனை பிறக்கும்னு மனோதத்துவப் புத்தகத்துல போட்டிருக்கு. அந்த ரஷ்யாக்காரக எல்லாம் அழுது அழுதுதான் எழுதியிருக்காக. நீ மூணு வேளையும் சுடச்சுடப் போட்டா எனக்கு எப்பிடிக் கதை வரும்?"

சொர்ணலதா சிரித்துக்கொண்டே பெட்டியில் சேலைகளை அடுக்கினாள். தேனி பஜாரில் ஜவுளிக்கடை வைத்திருந்த வைகுண்டராஜ், பத்திரிகையின் சிறுகதைப் போட்டியில் ஜெயித்தே தீருவதென்று, மனைவியைச் சின்னமனூர் பஸ்ஸில் ஏற்றிவிட்டான்.

துயரம் வந்தது. கதைதான் வரவில்லை. பேனாவைத் திறந்தால் அவள் ஞாபகம், மூடினால் பசி. அறைக்கும் வாசலுக்கும் நடந்து நடந்து கால் ஓய்ந்ததுதான் மிச்சம். இருபதாம் நாள் கடையைப் பூட்டிவிட்டுச் சின்னமனூருக்கு பஸ் ஏறினான்.

"கெளம்பு லதா. காயம் பட்டது போதும். ஒரு வரிகூட எழுதல."

அவள் அசையவில்லை. வலது கை விரல்களில் நீல மை. பின்னால் மேசையில் ஒரு குயர் நோட்டு முக்கால்வாசி நிறைந்து கிடந்தது.

"நீயா எழுதுன? உனக்கு இங்கன என்ன துக்கம்?" என்றான் திகைத்துப்போய்.

"துக்கமா? அம்மா சோறு போடுறாக. காலையில இருந்து ஒருத்தரும் 'லதா, காப்பி'ன்னு கூப்பிடல. சும்மா உக்காந்திருந்தேன், அதுவா வந்துச்சு." அவள் குரலைத் தாழ்த்தினாள். "போட்டிக்கு இன்னும் பத்து நாள் இருக்குல்ல? அதுவரைக்கும் நான் இங்கனயே இருந்துக்கிறட்டுமா?"